எண்ணப்பட்டவர்களும் விடுபட்டவர்களும்: இந்திய மொழி இணையத்தின் செல்வாக்கை அளந்த கதை

(நீண்ட பதிவு. ஊடக வரலாறு, மொழியியல், சமூகவியல் பயில்வோருக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன்.)

நான் ஆய்வு மேற்கொண்டிருக்கும் வட இந்தியப் பல்கலைக்கழகத்தில் முதுகலை பயிலும் மாணவர் ஒருவர் சென்ற குளிர்காலத்தில் என்னைத் தேடி வந்தார். பீகாரின் சாப்ரா பக்கத்தைச் சேர்ந்தவர், தாய்மொழி போஜ்புரி. குழந்தை பிறந்த வீட்டில் பெண்கள் கூடிப் பாடும் சோஹர் பாடல்களைத் தொகுத்து, ஒலிப்பதிவு செய்து, இணையத்தில் வெளியிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கான முதல், அவருடைய அக்கா தையல் வேலையில் சேர்த்து வைத்த பணம். "தீதி, இந்தக் கோட்டைப் பாருங்கள். சோஹருக்கு எவ்வளவு தேட்டம் இருக்கிறது!" என்று கைப்பேசியில் கூகுள் டிரெண்ட்ஸ் வரைபடம் ஒன்றைக் காட்டினார். கோடு ஏற்ற இறக்கத்தோடு உயரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

உரோமன் எழுத்தில் அச்சொல்லை இட்டு, உலகம் முழுவதற்குமாகத் தேடியிருந்தார். உரோமன் எழுத்தில் அதே வடிவம் ஓமன் நாட்டின் துறைமுக நகரம் ஒன்றுக்கும் பெயர். அந்நகரின் வானிலையையும் வேலைவாய்ப்பையும் தேடியவர்களும் அந்தக் கோட்டில் கலந்திருந்தார்கள். தேவநாகரியில் அதே சொல்லை இட்டு இந்தியாவுக்குள் மட்டும் தேடியபோது கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. மாணவரின் முகம் வாடியது. "அப்படியானால் யாருமே கேட்பதில்லையா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஓமன் நகரத்தால் உயர்ந்த கோடு பொய் என்றால், தரையில் கிடந்த கோடு மட்டும் மெய்யாகிவிடுமா? சோஹர் பாடும் பெண்களும் கேட்கும் பெண்களும் அச்சொல்லைத் தட்டச்சு செய்து தேடுகிறவர்களா? அந்த வினாவின் வழியே இந்தியாவில் வாசகரையும் பார்வையாளரையும் எண்ணிய முறைகளின் வரலாற்றுக்குள் சென்றேன். கண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஒரு துறைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது செல்வாக்கு. அவர்களுடைய வருகையால் யாருக்கு எவ்வளவு பணம் கிடைக்கிறது என்பது ஆதாயம். சிறு வட்டத்தினரின் தனி விருப்பத்தை மட்டும் நம்பி இயங்குவதைக் குறுந்துறை என்று இப்பதிவில் அழைக்கிறேன். குறுந்துறை ஒன்றின் செல்வாக்கும் ஆதாயமும் தனித்தனியே அளக்கப்பட வேண்டியவை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகித்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்ட வரலாறே அதிகம்.

1. இணையத்துக்கு முன்

இந்தியாவில் அச்சு இதழ்களின் விற்பனையைத் தணிக்கை செய்து சான்றளிக்கும் ஏபிசி என்னும் அமைப்பு 1948இல் தோன்றியது. தேவை எளிமையானது. விளம்பரம் தருகிறவர் தம் பணம் எத்தனை பேரைச் சென்றடைகிறது என்று அறிய விரும்பினார். பதிப்பாளர் கூறும் எண்ணை அவர் நம்பவில்லை. எனவே இருதரப்பும் ஏற்கும் மூன்றாவது கணக்கு வேண்டியிருந்தது. மக்கள் எதை விரும்பி வாசிக்கிறார்கள் என்று அறிவதற்காக உருவான கருவியன்று அது. விளம்பர இடத்தின் விலையை முடிவு செய்ய உருவான கருவி. பின்னர் வந்த ஒவ்வொரு அளவுகோலுக்கும் இந்தப் பிறவிக்குணம் உண்டு.

1979இல் இந்தி நாளிதழ்களின் மொத்த விற்பனை ஆங்கில நாளிதழ்களின் விற்பனையை முந்தியது. ஆயினும் விளம்பரப் பணம் அதே ஆண்டில் திசைமாறிவிடவில்லை. ஆங்கில வாசகர் ஒருவருக்காக விளம்பரதாரர் தரத் துணிந்த விலை, இந்தி வாசகருக்காகத் தந்ததைவிடப் பன்மடங்காகவே நெடுங்காலம் நீடித்தது. இந்திய மொழி இதழ்களின் எழுச்சியைப் பற்றி ராபின் ஜெஃப்ரி 2000இல் வெளியிட்ட நூல் இந்த இடைவெளியையும், அது மெல்லக் குறைந்த விதத்தையும் விரிவாகப் பேசுகிறது. சிற்றூர்களில் பற்பசையும் சோப்பும் வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன என்று நிறுவனங்கள் உணர்ந்த பிறகே மாவட்டப் பதிப்புகளுக்கு விளம்பரம் வந்தது. வாசகர் முன்பே இருந்தார். அவரிடம் பணமும் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் பின்னால் வந்தது.

ஒலிநாடாவின் கதை இதைவிடத் தெளிவானது. இசைத்தட்டுக் காலத்தில் பெரும்பகுதிச் சந்தை ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. தட்டு அச்சிடும் செலவு அதிகம் என்பதால் நாடெங்கும் விற்கக்கூடிய திரைப்பாடல்களுக்கே முதலிடம். மக்கள் விரும்புவது திரைப்பாடலைத்தான் என்ற முடிவும் அதனோடு சேர்ந்து நிலைத்தது. 1980களில் மலிவான ஒலிநாடா வந்ததும் போஜ்புரி, கட்வாலி, ஹரியாணவி, பிரஜ் வட்டாரத்து ரசியா எனப் பல வகைப் பாடல்கள் சிறு முதலீட்டாளர்களால் வெளியிடப்பட்டு விற்றன. பீட்டர் மேனுவல் 1993இல் எழுதிய ஆய்வுநூல் இந்த மாற்றத்தைப் பதிவு செய்கிறது. ஐந்தாறு ஆண்டுகளில் மக்களின் சுவை தலைகீழாக மாறிவிடவில்லை. உற்பத்திச் செலவு குறைந்தது. அதனால் அதுவரை கணக்கில் வராத சுவைகள் விற்பனைக் கணக்கில் வந்தன. 1983இல் தொடங்கப்பட்டு மலிவு ஒலிநாடாவால் வளர்ந்த டி-சீரிஸ் நிறுவனம், 2019 மே மாதம் யூடியூபில் பத்துக் கோடி சந்தாதாரரை எட்டிய முதல் அலைவரிசையாயிற்று என்பதை இங்கே நினைவிற் கொள்ளலாம்.

எண்ணும் கருவியே பிசகும்போது என்ன நேரும் என்பதற்கு 2014 ஜனவரியில் ஒரு காட்சி அரங்கேறியது. 2013ஆம் ஆண்டுக்கான இந்திய வாசகர் கணக்கெடுப்பு வெளிவந்ததும் முன்னணி நாளிதழ்க் குழுமங்கள் கூட்டாக அதை மறுத்தன. நாக்பூரின் ஹிதவாதா நாளிதழுக்குச் சான்றளிக்கப்பட்ட விற்பனை 60,000 படிகளுக்கு மேல். கணக்கெடுப்பின்படி அதற்கு அந்நகரில் ஒரு வாசகர்கூட இல்லை. சென்னையிலிருந்து வெளிவரும் பிசினஸ்லைன் இதழுக்குச் சென்னையில் உள்ளதைப்போல் மூன்று மடங்கு வாசகர் மணிப்பூரில் இருப்பதாகவும் அக்கணக்கு காட்டியது என்பது அவர்கள் வைத்த குற்றச்சாட்டு. பெரிய அமைப்பு, பெரிய மாதிரி, புதிய தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கெடுப்பு அது. கணக்கைப் பயன்படுத்துகிறவருக்குக் களம் தெரிந்திருந்ததால்தான் பிழை வெளிப்பட்டது. களம் தெரியாத ஒருவர் அதே அட்டவணையைப் பார்த்திருந்தால் மணிப்பூரில் வணிக இதழ் தொடங்கியிருக்கக்கூடும்.

2. பார்வைகளை விலைபேசிய காலம்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வழங்கத் தொடங்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 1995 மார்ச்சில், ராஜேஷ் ஜெயின் தொடங்கிய இந்தியாவேர்ல்டு தளம் வெளிநாடு வாழ் இந்தியரை நம்பிச் செயல்பட்டுக்கொண்டிருந்தது. பின்னர் அதிலிருந்து செய்திக்கு சமாசார், தேடலுக்கு கோஜ், விளையாட்டுக்கு கேல், சமையலுக்கு பாவர்ச்சி எனத் தனித்தனித் தளங்கள் கிளைத்தன. குறுந்துறை என்று இன்று நாம் சொல்லும் உத்தியை இந்திய இணையத்தில் முதலிற் கையாண்டவற்றுள் அது ஒன்று.

1999 நவம்பரில் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் அதை 499 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்புக்கொண்டது. வாங்கியவர் அதற்கு முந்திய மாதந்தான் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பங்குகளைப் பட்டியலிட்டிருந்தார். இந்தியாவேர்ல்டின் ஆண்டு வருவாய் அந்த விலையின் ஒரு சிறு துளி. கொடுக்கப்பட்டது வருவாய்க்கான விலையன்று, பார்வைகளுக்கான விலை. எதிர்காலத்தில் அப்பார்வைகள் பணமாகும் என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியிருந்தது. 2000 மார்ச் 10 அன்று உச்சந்தொட்ட நாஸ்டாக் குறியீடு பிறகு சரிந்தபோது, பார்வை ஒன்றுக்கு இவ்வளவு என்று பெருக்கிப் போட்ட கணக்குகள் எல்லாம் சேர்ந்து சரிந்தன. விற்றவர் தக்க தருணத்தில் விற்றார். வாங்கியவர் தக்க அளவுகோலின்றி வாங்கினார்.

அக்காலத்து எண்களைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடக்கக்காலத் தளங்கள் பெருமையோடு வெளியிட்டவை 'ஹிட்' எண்ணிக்கைகள். ஒரு பக்கத்தைத் திறக்கும்போது வழங்கியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கோப்பும் ஒரு ஹிட். பத்துப் படங்கள் கொண்ட பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தால் பதினொரு ஹிட் பதிவாகும். வாசகர் எண்ணிக்கையை உயர்த்த வாசகர் தேவையில்லை, கூடுதலாகச் சில படங்கள் போதும். பிறகு பக்கப்பார்வை, தனிப்பயனர், செலவிட்ட நேரம் என அலகுகள் மாறின. ஆண்டு மாறும்போது அலகும் மாறியிருப்பதால், 1998இன் எண்ணையும் 2008இன் எண்ணையும் ஒரே கோட்டில் வரைவது முழத்தையும் மைலையும் கூட்டுவதற்கு ஒப்பாகும்.

3. எழுத்துரு மறைத்த வாசகர்

மொழியியல் மாணவி என்ற முறையில் என்னை அதிகம் ஈர்த்த பகுதி இதுதான்.

1999இல் இந்தூரிலிருந்து வெப்துனியா என்னும் இந்தித் தளம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் இந்தி, மராத்தி, தமிழ் ஆகிய எம்மொழியாயினும் ஒவ்வொரு செய்தித்தளமும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தது. தேவநாகரி 1991லேயே ஒருங்குறியின் முதற்பதிப்பில் இடம்பெற்றிருந்தாலும், இயங்குதளங்களும் அச்சகங்களும் அதற்கு மாறப் பல ஆண்டுகள் ஆயின. தமிழில் டிஸ்கி, டாப், டாம் எனக் குறியாக்கங்கள் போட்டியிட்ட காலம் நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய எழுத்துருவில் அமைந்த இந்திச் செய்தி மனிதக் கண்ணுக்குத் தேவநாகரியாகத் தெரியும். தேடுபொறிக்கோ அது பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியல். எனவே அந்தப் பக்கங்கள் தேடலில் சிக்கவில்லை. அவற்றில் இந்தி இருக்கிறது என்றே கணக்கில் ஏறவில்லை.

இதன் விளைவு ஒரு சுழல். இந்தியில் தேடுவோர் குறைவு என்று கருவி காட்டியது. ஆதலால் விளம்பரதாரர் வரவில்லை. ஆதலால் நல்ல உள்ளடக்கத்தில் முதலீடு செய்வார் இல்லை. ஆதலால் தேடுவோரும் பெருகவில்லை. கடைசியில், தொடக்கத்தில் கருவி காட்டிய எண்ணே மெய்யென்று நிறுவப்பட்டதாகத் தோன்றியது. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை 2003இல் தொடங்கியது. இந்திக்கு அதன் முறையான ஆதரவு கிடைத்தது 2014 டிசம்பரில். வங்காளத்துக்கு 2017 செப்டம்பர், தமிழுக்கு 2018 பிப்ரவரி. அந்தப் பதினோரு ஆண்டுகளில் "இந்தியில் எழுதினால் வருமானம் இல்லை" என்று சொன்னவர் உண்மையையே சொன்னார். ஆனால் அந்த உண்மைக்குக் காரணம் வாசகரின் வறுமை என்று அவர் எண்ணியிருந்தால் அது பிழை. பணம் செலுத்தும் குழாய் அம்மொழிக்கு இன்னும் போடப்படவில்லை என்பதே பெருங்காரணம்.

ஒருங்குறி வந்த பிறகும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. காய்கறியைக் குறிக்கும் ஸப்ஜி என்னும் இந்திச் சொல்லை எடுத்துக்கொள்வோம். தேவநாகரியில் நுக்தா எனப்படும் கீழ்ப்புள்ளியோடு எழுதுவோர் உண்டு; புள்ளியின்றி எழுதுவோர் உண்டு. உரோமனில் எழுதும்போது நடு மெய்க்கு இரண்டு எழுத்துகளில் எதையும் இடுவர். இறுதி நெடிலையும் இருவிதமாக எழுதுவர். ஒரே சமையற்குறிப்பைத் தேடும் மக்கள் இவ்வாறு ஆறேழு எழுத்துவடிவங்களாகச் சிதறுகிறார்கள். ஆங்கிலச் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வடிவம் என்பதால் அதன் எண்ணிக்கை ஓரிடத்தில் திரளும். தனித்தனி வடிவங்களை ஒப்பிடும் ஆராய்ச்சியாளர் ஆங்கிலத் துறை பெரிது, இந்தித் துறை சிறிது என்று முடிவு செய்துவிடுவார்.

கருவிகளின் இயல்பையும் அறிந்துகொள்வது நல்லது. 2006இல் வெளியான கூகுள் டிரெண்ட்ஸ் தேடல்களின் எண்ணிக்கையைத் தருவதில்லை. தேர்ந்த காலத்தில், தேர்ந்த இடத்தில் ஒரு சொல்லின் உச்சநிலையை 100 என்று வைத்து, மற்றவற்றை அதற்கு ஒப்பிட்டுக் காட்டுகிறது. சிறு ஊரின் திருவிழாவும் அதன் உச்சத்தில் 100. உலகக் கோப்பையும் அதன் உச்சத்தில் 100. மிகக் குறைவாகத் தேடப்படுவது சுழியமாகிவிடும். அங்கே சுழியம் என்பதற்கு 'இல்லை' என்று பொருளன்று, 'காட்டப்படும் அளவுக்கு இல்லை' என்றே பொருள். விளம்பரதாரருக்கான கூகுள் கருவியோ 2016 முதல், போதிய பணம் செலவிடாதவருக்குத் துல்லிய எண்ணை மறைத்து, 1,000 முதல் 10,000 வரை என்பது போன்ற அகன்ற வரம்பை மட்டுமே காட்டுகிறது. முதல் குறைவாக உள்ளவருக்குத் தகவலும் குறைவு. குறுந்துறையில் இறங்குவோர் பெரும்பாலும் முதல் குறைந்தவர்களே.

4. வெள்ளம் வந்த பிறகு

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. தரவின் விலை வீழ்ந்தது. 2017 ஏப்ரலில் கேபிஎம்ஜி நிறுவனமும் கூகுளும் வெளியிட்ட அறிக்கை, 2016இல் இந்திய மொழிகளில் இணையம் பயன்படுத்துவோர் 23.4 கோடி, ஆங்கிலத்தில் பயன்படுத்துவோர் 17.5 கோடி என்று மதிப்பிட்டது. பல ஆண்டுகளாகச் சிறுபான்மைச் சந்தை என்று ஒதுக்கப்பட்டது ஓர் அறிக்கையில் பெரும்பான்மையாயிற்று. 2021க்குள் 53.6 கோடி என்று அதே அறிக்கை முன்னறிவித்தது. முன்னறிவிப்பு வேறு, எண்ணிப் பார்த்தது வேறு என்பதைக் கருத்தரங்குகளில் இந்த எண்ணை மேற்கோள் காட்டுவோர் பலர் மறந்துவிடுகிறார்கள். அறிக்கையை வெளியிட்டவர்களுள் ஒருவருக்கு அச்சந்தை வளர்வதில் நேரடி நலன் உண்டு என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். நலன் இருப்பதாலேயே எண் பொய்யாகிவிடாது. சரிபார்க்க வேண்டிய கடமை கூடுகிறது, அவ்வளவே.

செல்வாக்கு வந்தது, ஆதாயம் அதே வேகத்தில் வந்ததா? இதற்கு இணையத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஒப்புமை தருகிறேன். தொலைக்காட்சிப் பார்வையை அளக்கும் பார்க் அமைப்பு 2015 அக்டோபரில் சிற்றூர்களையும் தன் கணக்கில் சேர்த்தது. உடனே தூர்தர்ஷனின் இலவசச் செயற்கைக்கோள் சேவையில் வந்த இந்தி அலைவரிசைகள் பட்டியலில் ஏறின. சிற்றூர் மக்கள் அந்த வாரந்தான் பார்க்கத் தொடங்கினார்கள் என்று கருத இடமில்லை. ஆயினும் 2019இல், கட்டண விதிகள் மாறியபோது, நான்கு பெருங்குழுமங்கள் ஜீ அன்மோல், ஸ்டார் உத்சவ், சோனி பால், கலர்ஸ் ரிஷ்தே ஆகியவற்றை இலவசச் சேவையிலிருந்து விலக்கிக்கொண்டன. இலவசமாகப் பார்க்கும் கோடிக்கணக்கானவரைவிடக் கட்டணம் செலுத்துவோரைக் காப்பது இலாபம் என்பது அவர்களின் கணக்கு. விட்டுச்சென்ற இடத்தை தங்கல் என்னும் அலைவரிசை பிடித்து நாட்டின் முன்னணிக்கு வந்தது. 2020இல் பெருங்குழுமங்களின் அலைவரிசைகள் இலவசச் சேவைக்கே திரும்பின. பெருங்கூட்டத்தைத் துறப்பதும் நட்டமாகலாம், வைத்திருப்பதும் நட்டமாகலாம் என்பதை அந்நிறுவனங்களே பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டன.

அளவு பணமாகும்போது அளவையே வாங்கும் ஆசை எழும். ஏறத்தாழ 44,000 வீடுகளில் பொருத்திய கருவிகள் சுமார் 20 கோடி வீடுகளுக்குச் சான்று கூறின. ஒரு வீடு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் குரல். 2020 அக்டோபரில் அத்தகைய வீடுகள் சிலவற்றுக்குப் பணம் தரப்பட்டதாக மும்பைக் காவல்துறை குற்றஞ்சாட்டியது. செய்தி அலைவரிசைகளுக்கான வாராந்திர மதிப்பீடு நிறுத்தப்பட்டு 2022 மார்ச்சில்தான் மீண்டும் வந்தது. குற்றச்சாட்டின் மெய்ம்மையை முடிவு செய்வது என் வேலையன்று. அப்படியொரு குற்றச்சாட்டு எழக்கூடிய அமைப்பாக அது இருந்தது என்பதே வரலாற்று மாணவருக்குப் பாடம். இணையத்தில் பார்வையையும் சந்தாதாரரையும் விலைக்கு விற்போர் இருப்பதும் இதன் தொடர்ச்சியே. ஓர் அளவு இலக்காகிவிட்டால் அது நல்ல அளவாக நீடிப்பதில்லை என்று பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி நம் துறையினருக்குப் புதிதன்று. மேற்கோள் எண்ணிக்கையை வைத்துப் பதவி உயர்வு தரும் பல்கலைக்கழகங்களில் நாம் அதை அன்றாடம் காண்கிறோம்.

யூடியூபின் அலகும் நிலையானதன்று. 2018 ஜனவரியில், விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும் என்ற விதி வந்தது. அதற்கு முன் சிறிதேனும் பணம் கண்ட எண்ணற்ற சிறு அலைவரிசைகள் ஒரே அறிவிப்பில் வருமானமற்றவை ஆயின. அவற்றின் பார்வையாளர் அப்படியே இருந்தார்கள். 2025 மார்ச் 31 முதல் குறுங்காணொளி ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணப்படுகிறது. பணம் கணக்கிடுவதற்கு மட்டும் வேறொரு எண்ணிக்கை பயன்படுகிறது. ஒரே காணொளிக்கு ஊரறியக் காட்ட ஓர் எண், பணம் தர ஓர் எண். செல்வாக்கும் ஆதாயமும் வேறு என்பதை நிறுவனமே இரண்டு நிரல்களில் எழுதிக்காட்டுகிறது.

5. சோஹர் எந்த மொழி?

போஜ்புரிக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் போஜ்புரியைத் தாய்மொழியாகப் பதிந்தவர் ஏறத்தாழ 5.06 கோடி. ஆனால் மொழிப்பட்டியலில் போஜ்புரி என்று தனிப்பெயர் கிடையாது. அது இந்தியின் கீழ்த் தொகுக்கப்படுகிறது. இந்திக்குச் சொல்லப்படும் 52.8 கோடியில் இந்தியையே தாய்மொழி என்று சொன்னவர் சுமார் 32.2 கோடி, மீதி போஜ்புரி, 2.6 கோடி இராஜஸ்தானி, 1.6 கோடி சத்தீஸ்கரி, 1.3 கோடி மகஹி முதலிய பலவற்றின் கூட்டு. மைதிலி 2003ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் சேர்ந்தது; எனவே 2011இல் 1.36 கோடி பேருடன் தனி மொழியாக எண்ணப்பட்டது. மைதிலி பேசுவோரைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருப்பவர்கள் அட்டவணையில் ஒரு துணைவரியாக நிற்கிறார்கள். தலைப்பில் இடம்பெறாத மொழிக்கு விசைப்பலகையும் குரலறி கருவியும் விளம்பர வகைப்பாடும் தாமதமாகவே வரும். வராத வரையில் அதன் இணையச் செல்வாக்கு இந்தியின் கணக்கிலேயே வரவு வைக்கப்படும். குறுந்துறை சிறிதா பெரிதா என்ற கேள்விக்கு முன்பே, அது எந்தப் பெயரில் பதியப்படுகிறது என்ற கேள்வி நிற்கிறது.

கணக்கில் வராத புழக்கம் இன்னொன்றும் உண்டு. கைப்பேசியின் நினைவு அட்டையில் பாடல்களை ஏற்றித் தரும் கடைகள் வட இந்தியச் சிறுநகரங்களில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தன. சில பத்து ரூபாய்க்கு நூற்றுக்கணக்கான பாடல்கள். எந்த வழங்கியிலும் அந்தப் பரிமாற்றத்தின் தடம் இல்லை. பாடியவருக்கு அதிலிருந்து பணமும் இல்லை. பெருஞ்செல்வாக்கு, கடைக்காரருக்குச் சிறு ஆதாயம், பாடியவருக்குச் சுழியம்: மூன்றும் ஒரே இடத்தில்.

6. எப்படி மதிப்பிடுவது?

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நான் எனக்கென எழுதி வைத்துக்கொண்ட வினாக்கள் ஐந்து. எண்ணை வெளியிட்டவர் யார், அதை விலை கொடுத்து வாங்குகிறவர் யார்? எண்ணப்படும் அலகு எது, அது இடையில் மாறியதா? எண்ணும் கருவிக்கு எட்டாதவர் யார்? ஒன்றையொன்று சாராத வேறு சான்று, அதாவது கடை, விழா, அச்சு, களம் இவற்றுள் ஏதேனும், அதே திசையைக் காட்டுகிறதா? இறுதியாக, இத்துறைக்காகத் தம் கைப்பணத்தை எடுத்துக் கொடுக்கிற மனிதர் எங்கே, எப்போது, எதற்காகக் கொடுக்கிறார்? முதல் நான்கும் செல்வாக்குக்கு, ஐந்தாவது ஆதாயத்துக்கு. ஐந்தாவதற்குப் பதில் இல்லாமல் முதல் நான்கின் பலத்தில் மட்டும் முதல் போடுவது, 1999இல் பார்வைகளை விலைபேசியதன் சிறிய மறுபதிப்பு.

மாணவரிடம் வரைபடத்தை மூடிவிட்டு விடுமுறையில் ஊருக்குப் போய் இந்த வினாக்களைக் கேட்டுவரச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து வந்தார். அவருடைய குறிப்பேட்டில் மூன்று செய்திகள் இருந்தன. ஒன்று, சோஹர் கேட்கும் பெண்கள் யாரும் அச்சொல்லைத் தேடவில்லை. உறவினர் வாட்ஸாப்பில் அனுப்பியதைக் கேட்கிறார்கள், அல்லது வீட்டுப் பையனிடம் "போட்டுக் கொடு" என்கிறார்கள். இரண்டு, விளம்பரப் பங்கால் பிழைக்கும் பாடகர் ஒருவரையும் அவர் தம் சுற்றுவட்டத்தில் காணவில்லை. மூன்று, குழந்தை பிறந்த வீட்டு விழாவுக்குப் பாடகியரை அழைக்கப் பணம் தருகிற வீடுகள் இருந்தன. முன்பு பாடத் தெரிந்த மூத்த பெண்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார்கள், இப்போது குறைந்துவிட்டார்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

அக்காவின் பணத்தை அவர் இன்னும் தொடவில்லை. கையிலிருந்த கைப்பேசியில் தம் பாட்டியும் அண்டைவீட்டுப் பெண்களும் பாடிய பதினெட்டுப் பாடல்களைப் பதிவு செய்திருக்கிறார். அவற்றை வெளியிடும்போது தேவநாகரியில் இருவிதமாகவும் உரோமனில் மூன்று விதமாகவும் பெயரிடத் திட்டம். விழாவுக்கு அழைக்க விரும்புவோர் தொடர்புகொள்ளும் வழியையும் கீழே தருவாராம். இதனால் அவருக்கு வருமானம் வருமா என்று என்னால் உறுதி கூற இயலாது. எந்த எண்ணை நம்பக்கூடாது என்று அவருக்கு இப்போது தெரியும். அவருடைய அக்காவுக்கும் அவர் விளக்கியிருக்கிறார்.

நம்முள் பலர் 'இவ்வளவு பேர் பார்த்தார்கள்' என்ற எண்ணை ஆய்வேட்டின் முதற்பக்கத்தில் வைத்துத் தலைப்பின் முக்கியத்துவத்தை நிறுவ முயல்கிறோம். அடுத்த முறை அதை எழுதுமுன், அந்த எண் யாருக்காக, எந்த அலகில், யாரை விட்டுவிட்டு எண்ணப்பட்டது என்று அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்ப்போம். தரவில் பிழை கண்டால் சுட்டிக்காட்டுங்கள், நன்றியுடன் திருத்திக்கொள்கிறேன். உங்கள் மொழியில், உங்கள் வட்டாரத்தில் இவ்வாறு கணக்கிலிருந்து தவறிய ஒரு துறையை நீங்கள் அறிந்திருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.